வடிவக்கா மணலில் வைத்த இலை

தென்காசி ஸ்டேஷனில் சங்கரவடிவு டீச்சரை மதுரைக்கு வண்டியேற்றிய அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே வரி: "செடியை மதில்மேல் வைத்தது நான்தான்." சொல்ல இனி வழியில்லை என்பதை, இரண்டு மாதத்துக்கு முன் வந்த, மூலையில் கரி தடவிய கார்டு தெரிவித்தது. காய்ச்சலில் காலமானார்கள் என்று அவர்கள் தங்கை இலத்தூரிலிருந்து எழுதியிருந்தாள்.

நாங்கள் இருவரும் குற்றாலத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, ஒரே வாடகை வீட்டில் குடியிருந்தோம். எனக்கு அவர்கள் வடிவக்கா. கணவர் மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் கம்பவுண்டராக இருந்து இறந்தவர். அங்கிருந்து அக்கா கொண்டு வந்தது ஒரு பெட்டியும் ஒரு தொட்டிச் செடியும். பிகோனியா என்று நான் புத்தகம் பார்த்துப் பெயர் சொன்னேன். அவர்களுக்கு அது கடைசிவரை "அவுக செடி"தான். ஜன்னலுக்கு உள்ளேயே இருக்கும்.

ஒரு சாரல் காலத்தில் அக்கா தங்கையைப் பார்க்கப் போயிருந்தார்கள். மலைச்செடி சாரலில் நனைந்தால் மகிழும் என்று நினைத்துத் தொட்டியை மதிலில் வைத்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் குரங்குகள் தண்டை ஒடித்து, கடித்துத் துப்பி, தொட்டியையும் உருட்டிவிட்டன.

அக்கா ஊரிலிருந்து வந்ததும், "ஜன்னல் தொறந்து கெடந்துது. காத்துல விழுந்துட்டு அக்கா" என்றேன்.

அவர்கள் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார்கள். "காத்துக்குப் பல்லு உண்டுமா டீச்சர்?"

அதற்குமேல் கேட்கவில்லை. மிஞ்சியதில் முழுதாக இருந்த ஒரே இலையை எடுத்து, அடிப்புறத்து நரம்புகளை அங்கங்கே பிளேடால் கீறி, ஈர ஆற்றுமணலில் படுக்க வைத்து முள்ளால் குத்தினார்கள். மேலே உடைந்த அரிக்கேன் சிம்னியைக் கவிழ்த்து, அதன் வாயை ஓட்டுச்சில்லால் மூடினார்கள்.

"அவுக இப்படித்தான் செய்வாக" என்றார்கள்.

குற்ற உணர்வில் நான் தினமும் நீர் ஊற்றினேன். அக்கா செம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். "அது என்ன, குளிக்கவா குத்தாலத்துக்கு வந்திருக்கு? சும்மா இருக்க விடுங்க."

ஒன்றரை மாதம் கழித்து, கீறிய இடத்தில் எறும்பின் தலையளவில் இரண்டு தளிர்கள் எட்டிப் பார்த்தன. அன்று அக்கா காப்பியை ஆறவிட்டுச் சிம்னியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மறு வருடம் அக்காவுக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. ஒரு செடியைத் தாங்கள் எடுத்துக்கொண்டு மற்றதை எனக்கு விட்டுப்போனார்கள். வண்டி நகரும்போது ஜன்னலில் குனிந்து சொன்னார்கள்: "மதில்ல மட்டும் வச்சிராதிய, டீச்சர்."

சிரித்த முகம்தான். நான் கையை மட்டும் அசைத்தேன்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. "இங்கத்த வெயிலில் அவுக செடி பட்டுப்போச்சு. ஒரு இலை அனுப்புங்க." நல்ல இலையாக விரியட்டும் என்று காத்தேன். கூடவே அந்த ஒரு வரியையும் எழுதிவிட நினைத்தேன். நாலு தடவை எழுதி நாலு தடவை கிழித்தேன். அதற்குள் கார்டு வந்துவிட்டது.

சாரல் இறங்கும்போதெல்லாம் அடுத்த அறையில் அவர்கள் ஜன்னலைச் சாத்தும் சத்தத்துக்கு இன்னும் காது கொடுக்கிறேன். நிம்மதியாக இருங்கள், வடிவக்கா.

கார்டு வந்த அன்றே, அனுப்பாமல் விட்ட அந்த இலையை மணலில் வைத்தேன். தளிர்த்தது. போன ஞாயிற்றுக்கிழமை அதை இலத்தூருக்குக் கொண்டுபோய்த் தங்கையிடம் கொடுத்தேன். மதிலைப் பற்றியும் சொன்னேன். அவள் தொட்டியை வாங்கி ஜன்னலுக்கு உள்ளே வைத்தாள்.