முள் வைத்த சார்ஜர்

கல்யாணமாகி வந்து மூன்று வருஷம் நான் கார் தள்ளினேன். எழுபதுகளின் தொடக்கம் அது. சாமளாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்தப் பழைய காருக்குக் காலையில் பேட்டரி எடுக்காது. ஓடும்போது பேட்டரியை ஏற்ற வேண்டிய டைனமோவும் கிழடு. வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஜம்மென்று உட்கார்ந்துகொள்வார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுவேன். கிளட்ச் போடத் தெரிந்தவர் உள்ளே, தெரியாதவள் வெளியே. இதுதான் எங்கள் வீட்டு நியாயம்.

தினமும் தள்ளியதைக்கூட மன்னித்திருப்பேன். கணியூரில் என் தம்பி கல்யாணத்தன்று நடந்ததை மன்னிக்க மாட்டேன். நான் அரக்குப் பட்டில் இருந்தேன். வழியனுப்பச் சொந்தபந்தமெல்லாம் மண்டப வாசலில் நின்றது. வண்டி கிளம்பவில்லை. என் அண்ணன்மார் கை கொடுக்க வந்தார்கள்.

"உடுங்க மச்சான், உங்க தங்கச்சியே தள்ளிருவா. நல்லாப் பழக்கி வெச்சிருக்கறன்" என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தார்கள். என் அண்ணன்மாரும்தான். நான் தள்ளினேன். எஞ்சின் பிடித்தது, கரும்புகை பட்டுச்சேலையில் அடித்தது. கார் நிற்காமல் போனது.

"நிறுத்துனா ஆஃப் ஆயிரும் புள்ள, ஓடி வந்து ஏறு!"

திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறினேன். வீடு வரைக்கும் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே வந்தேன்.

மறுநாள், பேட்டரியை வீட்டிலேயே ஏற்ற ஒரு சார்ஜர் வாங்கலாம் என்றேன். "பேட்டரியப் பத்தி உனக்கென்ன தெரியும்? வேணும்னா நீயே போய் வாங்கிட்டு வா, பாப்போம்" என்றார். எங்கள் தறி ஓடும் குடோனுக்கு வரும் எலக்ட்ரீஷியனிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் என் முதுகுக்குப் பின்னால் ஆளைத் தேடினார். "ஊட்டுக்காரரு வல்லீங்களாம்மா?"

"இல்லீங்க. பன்னெண்டு வோல்ட்டு வண்டிங்க. ஊட்டுல வெச்சுச் சார்ஜ் பண்ற மாதிரி காட்டுங்க."

முதலில் டிரங்குப் பெட்டி அளவில் ஒன்றைத் தூக்கி வைத்தார். இரண்டு மணி நேரத்தில் ஏற்றிவிடுமாம். அப்படி வேகமாக ஏற்றினால் பேட்டரித் தண்ணீர் கொதித்து உள்ளே தகடு வளைந்துபோகும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் கடைக்காரர் முகம் மாறியது. அடுத்தது ஒரு சின்னத் தகரப் பெட்டி, ஒரே ஒரு சிவப்பு விளக்கு. கரண்ட் இருக்கிறது என்பதைத் தவிர அந்த விளக்கு வேறு எதையும் சொல்லாது. மூன்றாவது மெதுவாக ஏற்றுவது. ஆறு வோல்ட்டுக்கும் பன்னிரண்டு வோல்ட்டுக்கும் மாற்ற ஒரு சுவிட்ச், கண்ணாடிக்குள் ஒரு முள்.

"பேட்டரி காலியா இருந்தா முள்ளு மேல நிக்குமுங்க. ஏற ஏற முள்ளு எறங்கும்."

கடையில் கிடந்த பேட்டரி ஒன்றில் கிளிப்பை மாட்டச் சொல்லி, முள்ளைப் பார்த்த பிறகே அதைக் கட்டச் சொன்னேன்.

வீட்டில் இவர் அதைக் கண்டு சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து கார் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. "என்ற வண்டி இப்பச் சொன்ன பேச்சுக் கேக்குது" என்று ஊரெல்லாம் பெருமை பேசினார். சார்ஜரைப் பற்றி மூச்சு விடவில்லை.

ராத்திரி கழற்றிச் சார்ஜில் போட்ட பேட்டரியைக் காலையில் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் என் வேலைதான். அவர் குளித்து வருவதற்குள் வாசலில் முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் ஓட்டிப் பார்ப்பேன். ஆறு மாதத்தில் கிளட்சும் கியரும் படிந்துவிட்டன. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. எஞ்சின் பிடித்தபின் கிளட்சை மிதித்து ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அமுக்கினால், வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். ஆஃப் ஆகாது. கணியூரில் நான் ஓடியிருக்கவே வேண்டாம்.

சோமனூரில் அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் இவர்தான். முந்தின நாள் முள் பாதி இறங்கும்போதே கிளிப்பைக் கழற்றிவிட்டேன். ஒரு தடவை ஸ்டார்ட் ஆகும், மறுதடவை ஆகாது. அந்தப் பேட்டரி எனக்கு அத்துப்படி.

விசேஷம் முடிந்து அவர் ஆட்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்தார்கள். இவர் கஞ்சி போட்ட வேட்டியும் தலையில் உருமாலுமாக ஏறிச் சாவியைத் திருப்பினார். டக்கென்ற சத்தம் மட்டும்தான்.

"தள்ளு புள்ள."

"எனக்கு இடுப்புப் புடிச்சிருக்குதுங்க. நீங்க எறங்கித் தள்ளுங்க, கிளட்சு நான் பாத்துக்கறன்" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். "அண்ணிதான் சொல்றாங்கல்ல, எறங்குண்ணா" என்றாள் தங்கை. வேறு வழியில்லாமல் இவர் இறங்க, நான் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தேன். தங்கையின் வீட்டுக்காரர் கை கொடுக்க வந்தார்.

"உடுங்கண்ணா, இவரே தள்ளிருவாருங்க" என்றேன்.

தள்ளினார். வண்டி உருண்டதும் கிளட்சை விட்டேன். எஞ்சின் பிடித்தது. கண்ணாடியில் பார்த்தேன்: வேட்டியெல்லாம் கரும்புகை, ஒரு கையில் உருமால், ஒரு கையில் வேட்டி நுனி, பின்னாலேயே ஓடி வருகிறார். அவர் ஆட்கள் சிரிக்கிற சத்தம் எனக்குத் தேனாக இருந்தது. ஜன்னலில் தலையை நீட்டினேன்.

"நிறுத்துனா ஆஃப் ஆயிருமுங்க, ஓடி வந்து ஏறுங்க!"