கேப்டனின் மழைக்கோட்டு

அணியில் எல்லோரும் அவனைத் 'தண்ணி பார்ட்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். பீரை மோந்துகூடப் பார்க்காத மனுஷனுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர். முதல் தடவை கேட்டபோது அவன் மனைவி பதறிப்போய், "எங்கப்பா காதுல விழுந்துச்சுன்னா, கல்யாணத்தையே வாபஸ் வாங்கிடுவாரு" என்றாள்.

பெயர் வந்தது வேலையால். பல நாள் நீளும் சைக்கிள் பந்தயங்களில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். ஜெயிக்க வேண்டியவர் ஒருவர்தான், அவர் கேப்டன். மற்ற ஏழு பேரும் அவருக்காக மிதிப்பவர்கள். இவன் வேலை, பின்தங்கிப் போய் அணியின் காரில் தண்ணீர் பாட்டில்களை வாங்கி, சட்டையின் முதுகுப் பைகளிலும் கழுத்துக்குள்ளும் திணித்துக்கொண்டு, கூட்டத்தைத் துரத்திப் பிடித்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பது. பதினோரு வருஷம் இதைச் செய்தான். ஒரு நாள் பந்தயத்தைக்கூட ஜெயித்ததில்லை. யாராவது கேட்டால், "நான் ஜெயிக்கப் போயிட்டா கேப்டன் தாகத்துல செத்துடுவாரே" என்பான்.

அந்த வருஷம் பதினான்கு நாள் பந்தயம். பத்து நாள் முடிந்தபோது கேப்டன் இரண்டாம் இடத்தில் இருந்தார். முதலிடத்துக்கு இன்னும் பதினெட்டு வினாடிதான். அவருக்கு வயது முப்பத்தாறு. இதை விட்டால் இனி இல்லை என்று அணியில் எல்லோருக்கும் தெரியும்.

பதினோராம் நாள் இரண்டு மலைகள். முதல் மலை உச்சியில் மழை பிடித்துக்கொண்டது. கேப்டனின் மழைக்கோட்டை வாங்கிவர இவன் பின்னால் போனான். காரிலிருந்து வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பனிமூட்டத்துக்குள் தனியாக இறங்கினான்.

ஒரு வளைவில் நடுரோட்டில் வேறு அணியின் பாட்டில் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. பிரேக் பிடித்து, முழங்கால் உயரச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். இரண்டு ஆள் ஆழத்தில், ஓடைப் பள்ளத்தில் ஒருவன் முகம் தண்ணீரில் பட குப்புறக் கிடந்தான். முந்தின நாள்தான் இவனை முழங்கையால் இடித்துத் தள்ளப் பார்த்தவன். வாய்க்கு வந்தபடி இருவரும் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

சைக்கிளைச் சுவர்மேல் தூக்கி வைத்துவிட்டுச் சறுக்கிக்கொண்டே இறங்கினான். விழுந்தவனின் தலையையும் தோளையும் சேர்த்துப் பிடித்து மெல்லப் புரட்டினான். மூச்சு இருந்தது. கழுத்தில் அடி பட்டிருக்கலாம், இழுத்து நகர்த்த முடியாது. தலைப்பக்கம் பள்ளம், கையை எடுத்தால் முகம் மறுபடி தண்ணீருக்குள் போகும்.

காதிலிருந்த வயர்லெஸ்ஸில் மேலாளர் கத்தினார். "எங்கய்யா இருக்க? மேல ரெண்டு கார் மோதிக்கிச்சு, நாங்கல்லாம் மாட்டிக்கிட்டோம். கேப்டன் நடுங்கிட்டு இருக்காரு. உன்ன விட்டா ஆளில்ல."

"இங்க ஒருத்தன் விழுந்து கெடக்கான் சார்."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். நீ கிளம்பு."

"கைய எடுத்தா மூஞ்சி தண்ணிக்குள்ள போயிடும் சார்."

 மேலாளர், "கோட்டு உன்கிட்டதான இருக்கு?" என்று கேட்டார். இவன் ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கோட்டை உருவி, நீலம் பாரித்துக் கிடந்தவன் மேல் போர்த்தினான்.

ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. மரத்துப்போன கைகளோடு மறுபடி சைக்கிள் ஏறி, இரண்டாவது மலையையும் தாண்டி எல்லைக்கோட்டுக்கு வந்தபோது காலக்கெடு முடிந்திருந்தது. பந்தயத்திலிருந்து அவனை நீக்கினார்கள். குளிரில் கால் பிடித்துக்கொண்டு கேப்டன் நான்கு நிமிஷம் இழந்திருந்தார்.

ஓட்டலில் இருவருக்கும் ஒரே அறை. கேப்டன் போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"பொழைச்சுப்பானா?"

"தெரியல கேப்டன்."

"ம்." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் இவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்தப் பந்தயத்திலும் முதல் ஐந்துக்குள் வரவில்லை. இவனுக்கு அடுத்த வருஷம் எந்த அணியிலிருந்தும் அழைப்பு வரவில்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டப் போனான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. ஊன்றுகோலோடு அன்று பள்ளத்தில் கிடந்தவன், பக்கத்தில் அவன் அக்கா. மூன்று மாடி ஏறி வந்த இளைப்பில் அவனால் பேச முடியவில்லை. அக்காதான் சொன்னாள்: "லிஃப்ட் வேலை செய்யலைன்னதும் திரும்பிடலாம்னேன். கேக்கவே இல்ல."

இவன் மனைவி டீ கொண்டுவந்தாள். நாலு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள், பேருந்தைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் வந்தவன் தரையைப் பார்த்தபடி கேட்டான். "உங்க கேப்டனை நினைச்சா வருத்தமா இல்லையா?"

மனைவி கணவனைப் பார்த்தாள். அவள் இதுவரை கேட்காத கேள்வி அது.

"இருக்கு" என்றான் இவன். "பொய் சொல்ல மாட்டேன். அவரு பன்னெண்டு வருஷம் அதுக்காகவே மிதிச்சாரு. ஒரு லெட்டர் போட்டேன், பதில் வரல."

வந்தவன் தலையாட்டினான். "நானும் போட்டேன். எனக்கும் வரல."

 மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அக்கா எழுந்து அவளோடு அடுப்படிக்குப் போனாள்.