கால் முந்திப் பிறந்தவள்

நான் பிறந்தபோது தலைக்கு முன்பே கால் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எழுபதுகளில், செல்லூரில் தறி ஓட்டியவர்களில் பாதிப் பேர் என் வீட்டுப் பாயில் குப்புறப் படுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு என் இடுப்பே போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியாது.

“ஊரு வலியெல்லாம் எடுக்குறவ, ஒனக்கே வலியா?” என்று வீட்டுக்காரர் சிரித்தார். அதன்பிறகு யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

பக்கத்துத் தெரு பாத்திமாக்கா வாராவாரம் வருவார். ஒருநாள் அவர் முதுகில் வைக்கக் காலைத் தூக்கினேன். இடுப்பில் சுரீரென்று வெட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அக்கா எழுந்து என்னைப் பாயில் படுக்கவைத்தார். “எம்புட்டு நாளா புள்ள இப்படி?”

அதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி.

“ஒங்களுக்கு என் கால் பட்டுக் கொணமாச்சு. எனக்கு யாரு காலு படணும்க்கா?”

“எனக்கு எங்க கொணமாச்சு? வலி அது பாட்டுக்கு இருக்கு. எங்க வலிக்குதுன்னு நீ ஒருத்திதான கேக்குற, அதுக்குத்தான் வாரேன்.”

அவரே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வலி முழுசாகப் போகாது. அரைக்குடமாகத் தண்ணீர் தூக்கு, ஒரே இருப்பாக உட்காராதே என்றார் டாக்டர். அப்படித்தான் இன்றுவரை ஓட்டுகிறேன்.

அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதும் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால் நான் காலை வைப்பதில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

என்னை அப்படிக் கேட்கத்தான் ஆளில்லை.