மாஸ்டரின் வெங்காயப் பலகை

சமையல் மாஸ்டருக்கு இடது கை போனது ஹோட்டல் மாவு மெஷினில். எப்படி என்று யாராவது கேட்டால், "அதுக்குப் பசி, நான் பக்கத்துல நின்னேன்" என்பார். அதற்கு மேல் என்னத்தைக் கேட்பது?

கைக்காக அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. அவர் ஏங்கியது வேறொன்றுக்கு. முன்பெல்லாம் ஹோட்டல் லீவு நாளில் வீட்டுச் சமையல் அவருடையது. அவர் அடுப்படியில் நிற்பார். அவர் மனைவி அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி ஊர் வம்பெல்லாம் அளப்பாள். பின்னால் பாத்திரம் உருண்டு விழுந்தாலும் திரும்ப மாட்டாள். "உங்க பாடு, அடுப்பு பாடு" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

இப்போது அவர் ஒரு டம்ளரை எடுத்தாலே எதிரில் வந்து நிற்கிறாள். இரண்டு கண்ணும் அவர் கைமேல்தான். கத்தியைத் தொட்டால் போச்சு. "குடுங்க, நான் நறுக்கறேன்." குரலில் அவ்வளவு பதவிசு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. அந்தப் பதவிசுதான் மனுஷனைக் கொன்றது. அவள் முதுகை மறுபடி ஒருநாள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அதற்காகத்தான் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டுக்குப் போக ஒத்துக்கொண்டார். ஒரு கை உள்ளவர்களுக்குச் சமையல் சாமான் செய்கிற இடம் அது. ஒரு பெண் படம் வரைவாள். வெல்டர் அதைச் சாமானாக ஆக்குவார். ஆக்கியதை வைத்து வேலை பார்த்துவிட்டுத் திட்டுவது மாஸ்டர் பொறுப்பு.

முதலில் வந்தது பாட்டில் மூடி திறக்கிற கருவி. மாஸ்டர் தூக்கிப் பார்த்தார். "இது மூடி திறக்கவா, திருடன் மண்டையை உடைக்கவா?"

"ரெண்டுக்கும் ஆகும் மாஸ்டர். விலை ஒண்ணுதான்" என்றார் வெல்டர்.

அடுத்ததுதான் பலகை. நடுவில் கூரான கம்பிகள், அடியில் ரப்பர். வெங்காயத்தைக் கம்பியில் குத்தி நிறுத்திவிட்டால் பிடிக்க இன்னொரு கை வேண்டாம். ஷெட்டில் ஒரு வாரம் தினமும் மாஸ்டர் நறுக்கினார் பாருங்கள், பழைய வேகம். அந்தப் பெண் கை தட்டினாள். லீவு நாளுக்குக் காத்திருக்கிற பழைய ஆள் மாதிரி, பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு நடந்தார்.

"நீ போய் ஜன்னல்ல உக்காரு" என்றார் மனைவியிடம். உட்கார்ந்தாள், ஆனால் அவரைப் பார்த்தபடி. வெங்காயத்தைக் குத்தினார், கத்தியை அழுத்தினார். பலகை சர்ரென்று சுற்றித் தக்காளிக் கிண்ணத்தை இடித்தது. கிண்ணம் கீழே விழுவதற்குள் அவள் கை பலகைமேல் இருந்தது.

"விடு!"

"நான் என்ன பண்ணிட்டேன்? பிடிச்சேன், அவ்வளவுதானே?"

அன்றைக்கும் வெங்காயத்தை அவள்தான் நறுக்கினாள்.

காலையில் பலகையை வெல்டர் மேஜைமேல் போட்டார். "இங்க நிக்குது, என் வீட்டுல ஓடுது. மாமனார் வீட்டுல மட்டும் அடங்கி உக்கார்ற மாப்பிள்ளை மாதிரி."

வெல்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வேலைல கோளாறு கிடையாது. உங்க அடுப்பு மேடை வழவழன்னு இருக்கும்." வழவழப்பான கல் ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் பலகையை வைத்தார்கள். மாஸ்டர் நறுக்கினார். அசையவில்லை. "பாத்தீங்களா!" என்றார் வெல்டர்.

"அண்ணே, அப்படியே நில்லுங்க. உங்க கையைப் பாருங்க" என்றாள் அந்தப் பெண்.

வெல்டரின் கட்டைவிரல் பலகையின் மூலையை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த மூலையில் கரி பிடித்து ஒரு பழைய கறையே இருந்தது. தினமும் பிடித்திருக்கிறார், அவருக்கே தெரியாமல். அவள் சிரித்தாள். சிரிக்கும்போதுதான் எதிர் மூலையில் தன் கையும் இருப்பதைக் கண்டாள்.

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "அப்ப இத்தனை நாளா அஞ்சு கையில நறுக்கியிருக்கேன்."

அதற்குப் பிறகு சோதனை என்றால் இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று சட்டம். வெல்டருக்கு விரல் துடிக்கும், பல்லைக் கடித்துக்கொள்வார். பலகைக்கு ஒரு திருகுப் பிடி வந்தது. ஒரே கையால் திருகினால் மேடை விளிம்பைக் கவ்விக்கொள்ளும்.

மறுபடி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஷெட்டில் நடந்ததை மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

மாஸ்டர் திருகினார். நறுக்க ஆரம்பித்தார். பலகை நின்றது.

"எதிர்வீட்டுக்காரி புதுசா செருப்பு வாங்கியிருக்கா. நடக்கவே தெரியல" என்றாள்.

கத்தி கை நழுவி மேடையில் கணீரென்று விழுந்தது. அவள் தோள் ஒரு துள்ளு துள்ளியது. பேச்சு நின்றது. மாஸ்டர் கத்தியை எடுக்காமல் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கத்திரிப்பூ கலர் செருப்பு" என்றாள் அவள். திரும்பவில்லை.

முதுகு கிடைத்துவிட்டது. காது மட்டும் இன்னும் கத்தியின்மேல்தான். அதுவும் ஒருநாள் தெருவுக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வெங்காயத்தைக் கம்பியில் குத்தினார்.