தங்கைக்கு நான் கூட்டிய ஒரு வயது

என் தங்கையின் சர்டிபிகேட்டில் இருக்கும் பிறந்த வருடம் பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. பத்து வயதில் எனக்கு இருந்த வாய் இப்போதுகூட இல்லை.

அம்மா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் வேலைக்குப் போவாள். தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. வரப்பில் ஒரு பழைய குடையைக் கட்டி அதன் கீழே உட்கார வைப்பாள். நாலு வயதுப் பிள்ளை குடைக்குள் அடங்கி இருக்குமா? பாத்தியில் இறங்கி இறங்கி அவள் கால் இரண்டும் புண்ணாகிப் போயிருந்தன. பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டால் நிழலும் கிடைக்கும், மதியம் முட்டையோடு சோறும் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் டீச்சர் அப்போதும் பழைய முறையில்தான் வயது பார்ப்பார். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தங்கைக்கு எட்டவில்லை, ஒரு விரற்கடை குறைந்தது. ஒரு வாரம் அவளை வரப்பில் நிறுத்திப் பழக்கினேன். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், காது விரலுக்கு வந்துவிடும். டீச்சர் முன்னால் அவள் அழகாகச் சாய்த்தாள், தொட்டாள்.

"எப்ப பொறந்தா?" என்று கேட்டார் டீச்சர். அவள் கத்திரி வெயில் தொடங்கிய அன்று குடிசையில் பிறந்தவள். அப்பா அதை எங்கேயும் போய்ப் பதியவில்லை. நாளும் மாதமும் நான் சரியாகத்தான் சொன்னேன். வருடத்தைத்தான் ஒன்று குறைத்துச் சொன்னேன். அன்று அவள் முட்டையைப் பிட்டுப் பிட்டுத் தின்றதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு பெருமை!

பிறகு அம்மா செத்துப்போனாள். அப்பா லாரி வேலைக்கென்று போனவர் போனவர்தான். இரண்டு வருடம் சொந்தக்காரர்கள் வீட்டில் மாறி மாறிக் கிடந்தோம். அந்த இரண்டு வருடமும் தங்கைக்குப் படிப்பு இல்லை. கடைசியில் யாரோ தகவல் சொல்லி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த பெண் பிள்ளைகள் ஹோமில் இருவரையும் சேர்த்தார்கள். பதினெட்டு ஆனதும் நான் வெளியே வந்து குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை துடைக்கும் வேலையில் சேர்ந்தேன். துவைத்த பெட்ஷீட்டுகள் அடுக்கும் அறையில்தான் படுக்கை. தங்கை ஹோமிலேயே படித்தாள். நர்ஸ் ஆக வேண்டும் என்பாள். அவள் பிளஸ் ஒன் முடிக்கும் நேரத்தில் வார்டன் மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மே மாசம் அவளுக்குப் பதினெட்டு முடியுதும்மா. அதுக்கு மேல இங்க வச்சிக்க முடியாது."

 உண்மையில் அவளுக்குப் பதினேழுதான் முடியும். அந்த ஒரு வருடம் இருந்தால் பிளஸ் டூவை முடித்துவிடுவாள். காதைத் தொட்ட கதை முழுவதையும் சொன்னேன். மேடம் நல்லவர். ஃபைலைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் நம்புறேன். ஆனா ஸ்கூல் சர்டிபிகேட் இருக்கறப்போ வேற எதையும் பாக்க மாட்டாங்கம்மா. நீ சொல்ற வருஷத்துக்கு எங்க பேப்பர் இருக்குது?"

பதினெட்டு தாண்டிய பெண்களுக்கென்று சென்னையில் ஒரு விடுதி இருக்கிறதாம். இடமில்லை, பெயரை எழுதி வைத்திருக்கிறோம் என்றார்கள். கெஸ்ட் ஹவுஸ் முதலாளி ஒரு ஆளுக்குத்தான் இடம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். கூனிமேட்டிலும் கீழ்புத்துப்பட்டிலும் வாடகைக்கு ஒரு அறை தேடி அலைந்தேன். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி: அப்பா அம்மா எங்கே? ஒரு அம்மாள் மட்டும் தண்ணீர் கொடுத்துவிட்டு, "தப்பா நெனைக்காதம்மா, வயசுப் பொண்ணுங்க ரெண்டு பேர தனியா வச்சா நாளைக்கு என்னைத்தான் பேசுவாங்க" என்றார். தண்ணீரைக் குடித்தேன். அவரைத் திட்டவும் தோன்றவில்லை.

சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் பெண்களுக்கு வேலையும் ஹாஸ்டலும் தருவதாகத் தெரியவந்தது. பதினெட்டு ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். சர்டிபிகேட்டில்தான் ஆகியிருந்ததே! நான் சொன்ன பொய்யை அங்கே யாரும் சந்தேகப்படவில்லை. பிளஸ் ஒன் புத்தகங்களை என் பெட்ஷீட் அறையில் வைத்துவிட்டு, அடுத்த வருடம் எப்படியாவது பிளஸ் டூ பரிட்சை எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் தங்கை பஸ் ஏறினாள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் எங்கே எழுதுவது?

அடுத்த வருடம் கத்திரி வெயில் தொடங்கிய அன்று, நான் அறை துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, இன்னிக்குத்தான் எனக்கு நெஜமாவே பதினெட்டு."

"ஆமாண்டி பாப்பா."

"என்கூட படிச்சவளுங்க எல்லாம் பரிட்சை முடிச்சிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கினு இருக்காளுங்க."  பிறகு கேட்டாள்: "அன்னிக்கு டீச்சர் முன்னாடி நான் தலைய நேரா வச்சிருந்தா, இன்னிக்கு வரைக்கும் ஹோம்லயே இருந்திருப்பேன், இல்லக்கா?"

அவள் குறையாகக் கேட்கவில்லை. தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டு கேட்டாள். சாய்க்கச் சொன்னது நான்தானே என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் போனை வைத்துவிட்டாள்.