கரி போகாத டைல்ஸ்

இரணியலில் தையல்கடை நடத்தும் அஸ்வதிக்குப் புது அடுக்களையில் பழைய பூ டைல்ஸ் பதிக்க வேண்டுமென்று நெடுநாள் ஆசை. கணவன் ரதீஷ், கோட்டாற்றில் தன் பெரியப்பாவின் வீட்டை இடித்தபோது, அங்கே அடுக்களைச் சுவரில் இருந்தவற்றைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். நீலப் பூக்களும் பச்சைக் கொடிகளும் இத்தனை வருடத்துக்குப் பிறகும் பளபளத்தன.

பத்துப் பன்னிரண்டில் மட்டும் கருப்பு போகவேயில்லை. ஆசிட் ஊற்றித் தேய்த்த கொத்தனார் செல்வதாஸ் கையை நிறுத்தினார்.

“மக்ளே, இது அடுப்புப் புகை இல்ல. பெரிய தீயில மேல்பூச்சு வெடிச்சு கரி உள்ள இறங்கியிருக்கு. அந்த அடுக்களையில என்னமாம் நடந்துதா?”

அஸ்வதிக்கு அந்தப் பெரியப்பாவின் மனைவி, ரதீஷின் பெரியம்மையின் நினைவு வந்தது. காய்ச்சலில் இறந்ததாகத்தான் அவன் சொல்லியிருந்தான்.

சாயங்காலம் கேட்டாள். “பெரியம்மை எப்பிடிச் செத்தாவ?”

“காய்ச்சல்னு சொன்னேம்லா.”

“தீயில இல்லியா?”

அவன் காப்பித் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். இல்லை என்று சொல்லவில்லை. “யாரு சொன்னா?” என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் கரிந்தவற்றையும் சேர்த்தே பதிக்கச் சொல்லி, செல்வதாஸ் அவளிடம் பேச இடம் கொடுக்காமல் முடியும்வரை கூடவே நின்றான். இப்போதெல்லாம் ரதீஷ் வீட்டிலிருந்தால், அடுப்பு பற்றவைக்குமுன் அஸ்வதி பின்கதவை அகலத் திறந்து வைக்கிறாள்.