நட்சத்திரம் போட்ட ஒரு ரூபாய்

ஒரு ரூபாய்க் காசை நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறவனைப் பைத்தியம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்? என் வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பரமத்தி வேலூரில் வெற்றிலை மண்டி வைத்திருக்கிறேன். வாரம் முழுக்க ஈரச் சாக்கும் வெற்றிலைக் கட்டுமாகக் கிடக்கிற மனுஷனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வேறு எதையாவது தொட்டுப் பார்க்க வேண்டாமா? சேலத்தில் நாணயக் கண்காட்சி என்று வாட்ஸப்பில் செய்தி வந்துவிட்டால் போதும், விடிந்ததும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நாமக்கல் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

அந்தத் தடவை கண்காட்சி ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். முதல் நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழை மரத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுப் பட்டுச் சேலையும் கையில் மொய்க் கவருமாக ஒரு தம்பதி உள்ளே வந்துவிட்டார்கள். பாதி மண்டபம் சுற்றிய பிறகுதான் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. "ஏனுங்க, பொண்ணு மாப்பிள்ளைய எங்கீங்க காணோம்?" என்று என்னைக் கேட்டார். அது நேற்றே முடிந்துவிட்டது என்றேன். அவர் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அந்த மனிதர் உடனே பக்கத்து மேஜையில் இருந்த பழைய அணாக்களை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கண்காட்சி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேஜைகளை வரிசையாகப் போட்டு, மேலே சிவப்பு வெல்வெட் துணி விரித்து, வியாபாரிகள் கடை பரப்பியிருப்பார்கள். ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். அதை யாரும் தொடக்கூடாது. எனக்கும் அதில் ஆசை இல்லை. மேஜை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப் இருக்கும், அதில் கலவையாகக் காசுகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். என் சொர்க்கம் அதுதான். அதற்குள் கையை விட்டுத் துழாவினால் விரல் கறுத்துப்போகும், இடுப்பு பிடித்துக்கொள்ளும், பசி மட்டும் எடுக்கவே எடுக்காது.

இப்போதெல்லாம் யூடியூபைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் வேறு. டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டு வைத்திருந்தால் லட்சாதிபதி என்று எவனோ சொல்லிவிட்டான். அன்றைக்கு ஒருவர் அந்த நோட்டை டிபன் பாக்ஸுக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்து, "என்ன வெல குடுப்பீங்க, நேராச் சொல்லுங்க" என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றார். வியாபாரி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பத்து ரூபாய் தரேனுங்கண்ணா" என்றார். வந்தவர் கோபத்தோடு டிபன் பாக்ஸை மூடிய சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஆனால் நான் சிரிக்கத் தகுதியான ஆளா என்றும் ஒரு யோசனை வந்தது.

ஏனென்றால் நான் சேர்ப்பது ஒரு ரூபாய்க் காசு. நீங்களும் நானும் டீக்கடையில் கொடுத்த அதே காசு. வருஷத்துக்குக் கீழே சின்னதாக ஒரு அடையாளம் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? வைரம் மாதிரி இருந்தால் மும்பையில் அடித்தது, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், வெறும் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. வருஷத்துக்கு வருஷம், ஊருக்கு ஊர் தேடிப் பிடித்து ஆல்பத்தில் செருகி வைக்க வேண்டும். எல்லாம் கிடைத்துவிட்டது, நட்சத்திரம் போட்ட ஒரே ஒரு காசைத் தவிர. தேய்ந்தது அங்கங்கே கிடைக்கும், ஆனால் என் ஆல்பத்துக்குப் புதுசுதான் வேண்டும். எந்த வருஷம் என்று இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் வியாபாரிகள் விலையை ஏற்றிவிடுவார்கள். அந்த ஒரு பொந்து மட்டும் பல வருஷமாகப் பல் விழுந்த வாய் மாதிரி என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

அது அன்றைக்கு அந்த டப்பில் கிடைத்தது. புத்தம் புதுசு. ஒரு கை படாத காசு, பளபளவென்று. நெஞ்சு திக்கென்றது. ஆனால் வெற்றிலை ஏலத்தில் பழகியவன் முகத்தில் எதையும் காட்ட மாட்டான். நல்ல கட்டைக் கண்டால் பக்கத்துக் கட்டைத்தான் முதலில் விலை கேட்க வேண்டும். ஒன்றுக்கும் உதவாத நாலு காசைப் பொறுக்கி, நடுவில் இதையும் போட்டு, "இதெல்லாம் ஒட்டுக்கா எவ்ளோங்க?" என்று கேட்டேன். அந்த வியாபாரி எடப்பாடிக்காரர். தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது காசு வியாபாரம். அவர் மற்ற நாலையும் ஒதுக்கிவிட்டு இதை மட்டும் தூக்கிப் பிடித்து, "இந்த நாலையும் சும்மாவே எடுத்துக்கோங்கண்ணா. இதுக்கு மட்டும் வெல சொல்றேன்" என்றார். அவருக்கு நான் புதிது இல்லையே! சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்காரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "எத்தன குடுத்தீங்க?" என்றாள். சொன்னேன். "ஒரு ரூபாய்க்கா! உங்கள மண்டியில எப்படித்தான் நம்பி யாவாரம் பண்றாங்களோ" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் அட்டையில் வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்து ஆல்பத்தில் செருகியதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். லென்ஸை வாங்கி நட்சத்திரத்தையும் பார்த்தாள். "கடுகு மாதிரி இருக்குது, இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?" என்றாள். அன்றைக்கு எனக்கு ராஜா மாதிரி இருந்தது.

ஆடி முடிந்த கையோடு எனக்கு நெஞ்சுவலி வந்தது. காலையில் மண்டிக்குக் கிளம்ப செருப்பை மாட்டினேன், அவ்வளவுதான், இடது பக்கம் இறுக்கிப் பிடித்து வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கார் வந்தது, நாமக்கல் போனோம், அங்கிருந்து சேலம். குழாய் அடைப்பு என்றார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த நாட்களைப் பற்றி எனக்கு நினைவிருப்பது மேலே சுற்றிய மின்விசிறியும் உப்பில்லாத ரசமும்தான். பயமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்லபடியாக ஊர் திரும்பினோம்.

திரும்பி வந்ததும் படுக்கையிலேயே கிட என்று உத்தரவு. எத்தனை நேரம்தான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது? ஆல்பத்தை எடுத்துவரச் சொன்னேன். புரட்டிக்கொண்டே போனால் நட்சத்திரம் இருக்க வேண்டிய இடம் காலி! அட்டை இருக்கிறது, பின்னைப் பிடுங்கிப் பிரித்திருக்கிறது, காசு இல்லை. "எவன்டா எடுத்தது!" என்று போட்ட சத்தத்தில் தெருவில் போனவன் எட்டிப் பார்த்தான். ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக என்னைப் பார்க்க வந்த ஒவ்வொரு சொந்தக்காரனையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்திச் சோதனை போட்டேன்.

"கத்தாதீங்க. நெஞ்சுக்கு ஆகாது. நாந்தான் எடுத்தேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

கரண்டியோடு வந்து நின்று, நடந்ததைச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் வீட்டில் யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால், ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். ஆள் பிழைத்து எழுந்ததும் குலதெய்வம் கோயிலுக்குப் போய் அந்த முடிச்சை உண்டியலில் போட வேண்டும். கார் வாசலில் நிற்கிறது, என்னைத் தூக்கி வைக்கிறார்கள், இவள் காசைத் தேடுகிறாள். வீட்டில் ஒரு காசு கிடையாது! பால்காரர் முதல் பூக்காரம்மா வரைக்கும் போனைக் காட்டிப் பணம் அனுப்புகிற காலம். உண்டியலாக வைத்திருந்த டப்பாவில் இப்போது சீரகம் இருக்கிறது. ஊரிலேயே காசு இருந்த இடம் என் ஆல்பம்தான்.

"அத்தன காசு இருக்குதே புள்ள! அதுதான் கெடச்சுதா உனக்கு?" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

"மத்ததெல்லாம் அழுக்காட்டம் இருந்துச்சு. சாமிக்கு முடியறது, நல்லதா எடுக்க வேண்டாமா?"

நான் பேரத்தில் இறங்கினேன். முடிச்சு இன்னும் சாமி படத்துக்குக் கீழேதானே இருக்கிறது, அதைப் பிரித்து வேறு ஒரு ரூபாயை வைத்தால் என்ன, சாமிக்கு நட்சத்திரமா முக்கியம், ரூபாய்க்கு ரூபாய் சரியாகப் போய்விட்டது என்றெல்லாம் பேசிப் பார்த்தேன். ம்ஹூம். "முடிஞ்சது முடிஞ்சதுதானுங்க. உங்க உசுருக்கு முடிஞ்சத மாத்திவெச்சு வெளையாடறதா? சோலியப் பாருங்க" என்று உள்ளே போய்விட்டாள். ரெண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. அவளுக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும் போல, பாட்டுப் போட்டுக்கொண்டு சமைத்தாள்.

நடமாட ஆரம்பித்ததும் அடுத்த கண்காட்சி வந்தது, அதுவும் சேலத்தில்தான். டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று போனவன், காட்டிய கையோடு மண்டபத்துக்குப் போய்விட்டேன். எனக்கு ஒரு யோசனை. அதே வருஷம், அதே நட்சத்திரம், ஆனால் புழங்கித் தேய்ந்த காசு ஒன்று வேண்டும். அதை உண்டியலில் போட்டுவிட்டுப் புதுசை எடுத்துக்கொள்ளலாம். அச்சு அசல் ஒரே காசு, சாமிக்கும் மனஸ்தாபம் வராது. எடப்பாடிக்காரரிடமே ஒன்று இருந்தது. தேய்ந்து மொழுக்கென்று கிடந்தது. எதற்கு இந்தத் தேய்ந்த காசு என்று அவர் கேட்டார். நானும் மறைக்காமல் கதையைச் சொன்னேன்.

அவர் அந்தக் காசை வெல்வெட் துணி மேல் வைத்தார். "ஏனுங்கண்ணா, நான் பேசறனேன்னு நெனைக்காதீங்க. மஞ்சத்துணியில முடிஞ்ச காசு எங்ககிட்டயும் வரும், நாங்க கையால தொட மாட்டோம். நட்சத்திரம் இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கி கெடைக்கும்" என்றார்.

"புதுசு மறுபடி கிடைக்குமா?"

"அத எப்படிங்க உறுதியாச் சொல்றது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. தேய்ந்த காசை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

புரட்டாசி பிறக்கும் முன்னால் கோயிலுக்குக் கிளம்பினோம். எங்கள் குலதெய்வம் காவிரிக் கரையோரம், வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. சின்னக் கோயில், பெரிய உண்டியல். அவள் பொங்கல் வைக்க அடுப்புக் கூட்டினாள். முடிச்சைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்து, "உங்க உசுருக்கு முடிஞ்சது, நீங்களே போடுங்க. நான் பொங்கலப் பாக்கறேன், இல்லாட்டி பொங்கி வழிஞ்சுரும்" என்றாள். எனக்கு இதைவிட என்ன வேண்டும்! பூசாரி உள்ளே பூவைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஈ காக்கை இல்லை. உண்டியலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, முடிச்சைப் பல்லால் கடித்து இளக்கினேன். அத்தனை இறுக்கமாகப் போட்டிருந்தாள்.

துணி பிரிந்தது. காசு இருந்தது. மஞ்சள் லேசாகப் பட்டிருந்தாலும் புதுசுதான், மினுமினுவென்று. அதோடு இன்னும் ரெண்டு உருண்டை உள்ளங்கையில் வந்து விழுந்தன. மிளகை விடக் கொஞ்சம் பெரிய தங்கக் குண்டுகள். தாலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கோப்பார்களே, அந்தக் குண்டுகள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், புகைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு. கழுத்துச் சரடு முன்னால் தொங்கியது. அதில் தாலி மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளிலிருந்து அப்படியேதான் இருந்திருக்கிறாள். எனக்குச் சோறு போட்டாள், மாத்திரை கொடுத்தாள், முதுகைத் துடைத்துவிட்டாள், ஒவ்வொரு தடவையும் அந்தக் கழுத்து என் முகத்துக்கு நேராகத்தான் வந்திருக்கும். நான் பார்க்கவே இல்லை.

காசையும் குண்டுகளையும் அதே துணியில் வைத்து, என்னால் முடிந்த வரைக்கும் இறுக்கி முடிந்து, உண்டியலுக்குள் விட்டேன். அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது. அவள் பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்தேன். பொங்கல் பொங்கி வந்தது.

"போட்டாச்சுங்களா?"

"ஆச்சு. குண்டையும் முடிஞ்சிருக்கேன்னு ஒரு வார்த்த ஏம்புள்ள சொல்லல?"

அவள் கரண்டியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முடிச்சை நான் பிரித்தது தெரிந்துவிட்டது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒத்த ரூபாய்க்கே அந்தக் கத்து கத்துனீங்க. தங்கம்னு தெரிஞ்சிருந்தா என்ன கத்து கத்தியிருப்பீங்களோ! அப்பறம் மறுபடியும் நெஞ்சப் புடிச்சுக்கிட்டா, நான் முடியறதுக்கு ஊட்டுல வேற என்னங்க இருக்குது?"